கூரைக்குள் கிடந்த பஞ்சு

இங்கே இங்கிலாந்தில் வீட்டுக்கும் ரிப்போர்ட் கார்ட் கொடுக்கிறார்கள். ஊரிலிருந்து வாசிப்பவர்கள் சிரிக்கலாம். நானும் முதலில் சிரித்தேன். வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ போனால் ஒரு ஆள் வந்து சுவர், ஜன்னல், பல்ப், தண்ணீர் சுடவைக்கும் பொயிலர் எல்லாவற்றையும் பார்த்து, ஏ முதல் ஜி வரை ஒரு எழுத்துப் போட்டுக் கொடுப்பார். மூட்டுகிற சூடு எவ்வளவு வீட்டுக்குள் நிற்கிறது, எவ்வளவு வெளியே ஓடிப்போகிறது என்பதற்கான மார்க் அது. பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் பட்டைகள், புது ஃபிரிஜ்ஜில் ஒட்டியிருக்குமே, அதே மாதிரி. எனர்ஜி பெர்ஃபோமன்ஸ் சேர்ட்டிஃபிக்கட் என்று பெயர். இலங்கையில் எங்கள் ஊரான மாத்தளையில் காற்று எந்தப் பக்கத்தால் வந்து எந்தப் பக்கத்தால் போகிறது என்று சொல்லித்தான் வீட்டுக்காரர்கள் பெருமைப்படுவார்கள். இங்கே காற்று வெளியே போனால் வீட்டுக்கு மார்க் குறையும்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் தொடக்கத்தில் நாங்கள் வீட்டை விற்க நின்றோம். என் கணவர் நடேசனுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் படுக்கையறைக்குப் போவார். மகள் இருக்கும் ஊரில், அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, படியில்லாத கீழ்த்தள வீடு ஒன்று கிடைத்திருந்தது. எங்கள் வீடு விற்றால்தான் அதை வாங்கலாம், அதற்கும் அந்த வீட்டுக்காரி ஒரு தவணை சொல்லியிருந்தாள். விளம்பரம் போட்ட கையோடு எமா, டொம் என்று ஒரு இளம் ஜோடி வந்து வீட்டைப் பிடித்துக்கொண்டது. எமா பிள்ளைத்தாய்ச்சி. எல்லாம் கூடி வந்த நேரத்தில், இந்தச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி, அதற்கு ஆள் வருவான் என்று ஏஜன்ட் போன் எடுத்தான்.

நான் அதை ஒரு செய்தியாகத்தான் இவரிடம் சொன்னேன். இவர் தொலைக்காட்சியை நிறுத்தினார். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி ஓயாது. போர் நடந்துகொண்டிருந்த வன்னியிலிருந்து வரும் படங்களைப் பார்க்கவும் முடியாமல் பார்க்காமல் இருக்கவும் முடியாமல் இருந்த காலம்.

"எங்கெங்க பாப்பாங்களாம்?" என்று கேட்டார்.

எல்லா அறையும் பார்ப்பார்கள், லொஃப்டுக்குள்ளும் பார்ப்பார்களாம் என்றேன். லொஃப்ட் என்றால் கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் இருக்கும் வெறும் இடம். நாங்கள் அந்த வீட்டுக்கு வந்து பல வருடமாகியும் அதன் மூடியை ஒருநாளும் திறந்ததில்லை. மேலே பெயின்ட் பூசி ஒட்டிப்போய்க் கிடந்தது. மற்றவர்கள் பழைய சூட்கேஸ், கிறிஸ்மஸ் மரம் எல்லாம் அங்கேதான் போடுவார்கள். எங்கள் சூட்கேஸ்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தன. ஏன் என்று மகள் சின்ன வயதில் கேட்டபோது, மேலே குளிர் என்று சொல்லிவைத்தேன்.

ஏன் என்பதை உங்களுக்குச் சொல்கிறேன். எண்பதுகளில் மாத்தளையில் ரெயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கத்துத் தெருவில் ஒரு ஹாஜியாரின் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இவர் அரசாங்கக் கந்தோரில் கிளாக். இவருடைய தம்பி சேகர் எங்களோடு இருந்து, ஹாஜியாரின் மிளகு, கராம்பு மொத்தக் கடையில் வேலை பார்த்தான். சிரிப்பு நிற்காத பிள்ளை. கடையிலிருந்து வந்தால் வீடு முழுக்கக் கராம்பு மணக்கும், அண்ணி தேத்தண்ணி என்று குசினி வாசலில் நிற்பான். அந்தக் காலத்தில் தமிழ் வீடுகளில் ரவுண்டப் வரும். தெருவின் இரு முனையிலும் ஆமி லொறி நிற்கும், பிறகு ஒவ்வொரு வீடாக வருவார்கள். அதற்கு எங்கள் தெருவில் ஒரு பழக்கம் இருந்தது. லொறிச் சத்தம் கேட்டதுமே எல்லாவற்றையும் திறந்து வைத்துவிடுவோம். வாசல் கதவு, பின்கதவு, அறைகள், அலுமாரி, மேசை லாச்சி, அரிசி டின்னின் மூடி. பூட்டியிருந்தால் உடைப்பார்கள், மூடியிருந்தால் கொட்டுவார்கள், திறந்திருந்தால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகவும் கூடும். பொலிசில் பதிந்த வீட்டாள் விவரத்தையும் அடையாள அட்டைகளையும் முன்மேசையில் பரப்பி வைத்துவிட்டு, கை தெரிய நிற்போம். கையைப் பின்னால் கட்டக்கூடாது.

சான்றிதழுக்கு ஆள் வரவிருந்த வாரம் எனக்கு நர்சிங் ஹோமில் பகல் வேலை. வந்து பார்த்தால் இவர் குளித்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் இல்லை, எல்லா நாளும். கை முழுக்கச் சிவந்து தடித்திருந்தது. சொறிந்துகொண்டே இருந்தார். என்ன செய்தீங்க என்றால், சும்மா துப்புரவாக்கினேன் என்பார். நல்ல காரியம், இந்த மனுசன் கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் ஒரு தூசி துடைத்ததில்லையே என்று நானும் கேலி பண்ணினேன். இரண்டு வீடு தள்ளி சமையலறையை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் வீட்டு முன்னால் குப்பை போடும் பெரிய இரும்புத் தொட்டி நின்றது. ஸ்கிப் என்பார்கள். அது ஒரு நாள் கறுப்புப் பைகளால் நிரம்பி வழிந்தது, அடுத்த நாள் லொறி வந்து தூக்கிக்கொண்டு போனது. அந்தப் பைகள் எங்கள் வீட்டுப் பைகள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பிறகு யோசித்தேன்.

அந்த ஆள் வரும் அன்று காலையில் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லவேண்டும், இவரை மட்டும் சொன்னால் நியாயமில்லை. சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே போய் எல்லாக் கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்தேன். உடுப்பு அலுமாரிகள், குசினியின் மேல் கபேட், கீழ் கபேட், மகளின் பழைய அறை லாச்சிகள் எல்லாம் திறந்தேன். பிறகு இருவரின் பாஸ்போர்ட்டையும் எடுத்து முன்மேசையில் வைத்தேன். வைத்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. ஆனாலும் எடுக்கவில்லை. வெளியே மரங்களில் பனி வெள்ளையாகப் பிடித்திருந்தது, எங்கள் வீட்டின் ஜன்னல்கள் எல்லாம் ஆவென்று திறந்து கிடந்தன. வீட்டின் சூட்டுக்கு மார்க் போட வருகிறவனை இப்படி வரவேற்றது இங்கிலாந்திலேயே நாங்களாகத்தான் இருக்கும்.

வந்தவர் நடுத்தர வயது, வழுக்கை, காலணியைக் கழற்றட்டுமா என்று கேட்ட நல்ல மனிதர். வீட்டுக்குக் காற்றுப் பிடிக்க விடுகிறீர்களா என்று சிரித்தார். நான் ஆமாம் என்றேன், இவர் இல்லை என்றார். பாஸ்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு, பயணம் போகிறீர்களா, எங்கே, வெயில் இருக்கும் இடமா என்று கேட்டார். அதற்கும் ஒரு சிரிப்பை வைத்தோம். தேத்தண்ணி கொடுத்தேன், வேலை முடியட்டும் என்று வைத்துவிட்டார். குடிக்காதது எனக்கு நல்லதாகப் படவில்லை. ஊரில் தேத்தண்ணியை வாங்கிக் குடித்துவிட்டால் பாதிப் பயம் போகும்.

அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். பல்ப் ஒவ்வொன்றையும் நிமிர்ந்து பார்த்துக் குறித்தார். கைக்குள் அடங்கும் ஒரு சின்னப் பெட்டியைச் சுவருக்கு நேரே பிடித்தார். அதிலிருந்து சிவப்பு வெளிச்சப் புள்ளி ஒன்று எதிர்ச் சுவரில் போய் நின்றது. அறையின் நீளம் அளக்கும் கருவி என்று எனக்குத் தெரியும். அந்தப் புள்ளி நகர்ந்து இவருடைய சட்டையில் ஒரு நொடி நின்றபோது இவர் மூச்சை நிறுத்திக்கொண்டதைப் பார்த்தேன். அவர் சொரி, சொரி என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். அறை அறையாக அவருக்குப் பின்னால் போனோம், இவர் முன்னால், நான் பின்னால். உள்ளங்கை இரண்டும் வெளியே தெரியக் கையைத் தொங்கவிட்டபடி நடந்தார் இவர்.

கடைசியில் ஏணியைப் போட்டு, லொஃப்ட் மூடியைத் தள்ளினார். அது லேசாகத் திறந்தது. பெயின்ட் ஒட்டியிருந்த மூடி எப்படி இவ்வளவு லேசாகத் திறக்கிறது என்று நான் நினைத்து முடிப்பதற்குள் அவர் தலை உள்ளே போய்விட்டது. டோர்ச் வெளிச்சம் அங்குமிங்கும் போவது மூடியின் இடைவெளியில் தெரிந்தது.

"இன்சுலேஷன் ஒன்றும் இல்லையே?" என்று மேலிருந்து கேட்டார்.

இன்சுலேஷன் என்பது சூடு கூரையால் போகாமல் சீலிங்குக்கு மேல் விரிக்கும், தொட்டால் கை அரிக்கும் கண்ணாடிப் பஞ்சு. இங்கே பெரும்பாலும் எல்லா வீட்டிலும் இருக்கும்.

"நோ, சேர்," என்றார் இவர். "நத்திங். எம்ப்டி. யூ செக், சேர்."

அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது. வீட்டைத் துடைத்து வைத்துவிட்டு மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டும் மருமகளின் பெருமை. அந்த மனிதர் தலையை வெளியே எடுத்து, இவரை ஒரு மாதிரிப் பார்த்தார். சமீபத்தில் யாரோ எடுத்திருக்கிறார்கள், தூசியில் அடையாளம் இருக்கிறது என்றார். இவர் திரும்பவும் நத்திங், சேர் என்றார்.

அந்தக் குரலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். மாத்தளை வீட்டுக்குப் பலகை சீலிங். நாங்கள் குடிபுகுந்தபோது, மேலே முன்பு இருந்தவருடைய பஞ்சு மூட்டை கொஞ்சம் கிடக்கு, வந்து எடுப்பாரு என்று ஹாஜியார் சொல்லியிருந்தார். முன்பு இருந்தவர் கல் குவாரி குத்தகைக்காரர். இவர் ஒரு தடவை மேலே ஏறி, மூட்டைகளைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு, இலவம் பஞ்சுதான் என்று இறங்கிவிட்டார். குத்தகைக்காரர் வரவேயில்லை. நாங்களும் மறந்துபோனோம். ஒரு ரவுண்டப்பில், எல்லாம் திறந்திருந்த எங்கள் வீட்டில், ஒரு ஆமிக்காரன் மேலே பார்த்து, உட மொனவத என்று கேட்டான், மேலே என்ன என்று. இவர் நல்ல சிங்களத்தில், கந்தோரில் பரீட்சை எழுதிப் பாசான சிங்களத்தில், "புளுன் விதரய், மாத்தயா" என்றார். பஞ்சு மட்டும்தான், ஐயா.

மூட்டையைக் கீழே போட்டுக் கிழித்தார்கள். வீடு முழுக்கப் பஞ்சு பறந்தது. பஞ்சுக்கு அடியில், ஈரம் படாமல் சுற்றி வைத்த திரிச் சுருள் ஒன்று இருந்தது, குவாரியில் கல்லுக்கு வெடி வைக்கிற திரி. வீட்டில் யார் இளம் ஆள் என்று கேட்டார்கள். சேகர் தலைமயிரில் பஞ்சு ஒட்டியபடி நின்றான். தட்டிவிட்டுக்கொள்ளக்கூட விடாமல் அவனை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஹாஜியார் தன் வான் வண்டியில் இவரை ஏற்றிக்கொண்டு முகாமுக்குப் போய், அது முன்பு இருந்தவனின் சாமான் என்று சத்தியம் பண்ணினார். அப்படியானால் அவனைக் கூட்டிவா என்றார்கள். அந்தக் குத்தகைக்காரர் முகவரி ஒன்றும் வைத்துவிட்டுப் போகவில்லை. தம்புள்ளைப் பக்கம் என்றார்கள், பிறகு பொலநறுவை என்றார்கள். இவர் லீவு போட்டுப் போட்டுத் தேடினார். அந்த மனிதனும் கிடைக்கவில்லை, சேகரும் வரவில்லை. எந்த முகாமிலும் அப்படி ஒரு பெயர் இல்லை என்றார்கள்.

சான்றிதழ் ஆள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் போனார், ஆறிப்போனதை. கதவைச் சாத்திவிட்டு நான் கோபமாகவே கேட்டேன். படியேற முடியாத காலோடு ஏணியில் ஏறி, யாரோ ஒழுங்காக விரித்து வைத்த பஞ்சை எல்லாம் அள்ளி வீதியில் போட்டிருக்கிறாரே, இந்தக் குளிரில் வீடு என்னத்துக்கு ஆகும், வாங்க வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்?

"என்னங்க, அது இன்சுலேஷன்னு உங்களுக்குத் தெரியாதா?"

இவர் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"பஞ்சுன்னு தெரியும் வசந்தா," என்றார். "அடியில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஒன்னத் தூக்கிப் பாத்தேன். ஒன்னும் இல்ல. அடுத்ததத் தூக்காம இருக்க ஏலல."

அதற்கு மேல் எனக்குக் கோபம் வரவில்லை. குசினிக்குப் போய்த் திறந்துகிடந்த கபேட்டுகளை ஒவ்வொன்றாக மூடினேன்.

சான்றிதழ் வந்தது. எங்கள் வீட்டுக்கு எஃப். ஃபெயில் இல்லை, வகுப்பில் கடைசிக்கு முந்தின பெஞ்ச். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. லொஃப்டில் இருந்த பஞ்சு அண்மையில் அகற்றப்பட்டதாகத் தெரிகிறது என்ற கதை ஏஜன்ட் வழியாக வாங்குகிறவர்களின் காதுக்குப் போய்விட்டது. ஏன் அகற்றினார்கள்? நெருப்புப் பிடித்ததா, கூரை ஒழுகியதா, எலியா, எதை மறைக்கிறார்கள்? ஏஜன்ட் போனில் கேட்டான். இவர், நோ புரோப்ளம், நத்திங் தெயர் என்றார். எத்தனை தடவை சொன்னாரோ அத்தனை தடவையும் அந்தப் பக்கம் சந்தேகம் கூடியது எனக்கே கேட்டது. ஒரு நாட்டில் கூரைக்குள் சாமான் இருந்ததற்குப் பதில் சொல்ல முடியவில்லை. இன்னொரு நாட்டில் கூரைக்குள் ஒன்றும் இல்லாததற்குப் பதில் சொல்ல முடியவில்லை. கீழ்த்தள வீட்டுக்காரியோ, தவணை முடிந்தால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று மகளிடம் சொல்லிவிட்டாள்.

எமாவும் டொமும் திரும்ப வீட்டைப் பார்க்க வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று டொமின் முகம் சொன்னது. அவன் ஏணியில் ஏறி டோர்ச் அடித்துக் கருகல் தேடினான், ஈரம் தேடினான், ஒன்றுமில்லாமல் இறங்கினான். இறங்கியவனின் முகத்தில் நிம்மதி இல்லை. அப்படியென்றால் ஏன், என்று எங்களைப் பார்த்துக் கேட்டான். இவர் நத்திங் என்று தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. என்னுடைய உடைந்த இங்கிலிஷில், ஆமி வந்தது, கூரையைப் பார்த்தது, பஞ்சுக்குள் திரி இருந்தது என்று கொட்டினேன். எமா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, இங்கேயா, இந்த வீட்டுக்கா ஆமி வந்தது என்று கேட்டாள். டொம் வாசலைப் பார்த்தான். முடிந்தது, நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது இவர் டொமைக் காட்டி, மை பிரதர், லைக் ஹிம் என்றார். யங். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னார். ஊர் எது, வீடு யாருடையது, பஞ்சு யாருடையது, தான் அமுக்கிப் பார்த்து இறங்கியது, புளுன் விதரய் என்றது. எங்கள் மகளிடம்கூட இவர் இதைச் சொன்னதில்லை. இரண்டு பேரும் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். முடிந்ததும் எமா ஒரு கேள்வி கேட்டாள். பல வருடமாக எங்களிடம் யாரும் கேட்காத கேள்வி. எங்கள் ஆட்கள் விடை தெரிந்ததால் கேட்பதில்லை. அவரைக் கண்டுபிடித்தீர்களா என்று கேட்டாள்.

"நோ," என்றார் இவர். "நொட் யெட்."

இன்னும் இல்லை. அந்த யெட் என்ற சொல் எனக்கு நெஞ்சில் இடித்தது. நான் அவனுக்குத் திவசம் செய்யவேண்டும் என்று எத்தனை தடவை கேட்டும் இவர் ஏன் மாத்தளை அம்மன் கோயிலில் அவன் பேருக்கு அர்ச்சனை மட்டும் செய்விக்கச் சொன்னார் என்பது அப்போதுதான் விளங்கியது.

டொம் ஒன்றும் கதைகதையாகப் பேசவில்லை. புதுப் பஞ்சு போட்டு, திரும்பச் சான்றிதழ் எடுத்துத் தந்தால் வாங்குகிறோம், பிள்ளைக்குக் குளிரக்கூடாது, அவ்வளவுதான் என்றான். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த வாரமே ஒரு வேலையாளைப் பிடித்தோம். அவன் சுருள் சுருளாகக் கொண்டுவந்து இறக்கினான். ஏற்றுவதற்கு முன் இவர் ஒவ்வொரு சுருளையும் மாடி நடையில் முழுதாக விரித்து, தடவிப் பார்த்து, புரட்டி, பிறகுதான் கொடுத்தார். வேலையாள் முதலில் சிரித்தான், பிறகு முணுமுணுத்தான், பிறகு தானே விரித்துக் காட்டத் தொடங்கினான். இவருடைய கை திரும்பவும் தடித்துச் சிவந்தது. புதுச் சான்றிதழில் டி வந்தது. தவணைக்குள் விற்றோம்.

சாவி கொடுக்கும் அன்று காலையில் இவரைக் காணவில்லை. பார்த்தால் ஏணியில் நிற்கிறார், தலை லொஃப்டுக்குள். இறங்குங்க, விழுந்தீங்கன்னா புது வீட்டுக்கு உங்களத் தூக்கிக்கிட்டுத்தான் போகணும் என்று கத்தினேன். இறங்கியபின் நான் ஏறிப் பார்த்தேன். நேர் எதிர்க் கூரைமரத்தில், எழுதிய காகித மட்டை ஒன்றை ஆணியடித்து வைத்திருந்தார். பஞ்சு மட்டும்தான், அடியில் ஒன்றும் இல்லை, இது நாங்கள் போட்டது, இப்போது இருப்பவர்களுக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. கீழே தன் முழுப்பெயர், போகிற வீட்டின் விலாசம், டெலிபோன் நம்பர். இங்கிலிஷில், தமிழில், சிங்களத்தில். சிங்களம்தான் மேலே இருந்தது, கந்தோர்க் கையெழுத்தில், பெரிதாக.

"சிங்களத்தில எதுக்குங்க? இங்க யாரு வாசிக்கப் போறாங்க?"

இவர் ஏணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"கேக்க வாறவங்க எந்தப் பாஷையில கேப்பாங்கன்னு நமக்கு எப்பிடித் தெரியும்?"

இப்போது படியில்லாத வீட்டில் இருக்கிறோம். எமா ஒரு தடவை, பிள்ளை பிறந்த செய்தி சொல்லப் போன் எடுத்தாள். மட்டையைப் பார்த்தாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இங்கே போன் எனக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் அது அடித்தால், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முன்னால் எழுந்து போகிறவர் இவர்தான்.